பனி கொண்டு வராத கல்

"கல்லத் தொடாதீங்க!"

அந்தக் குரலில் யெஸ்டினின் கையிலிருந்த பூதக்கண்ணாடி நழுவிச் சேற்றில் விழுந்தது. கிளெத்தாய் ஆற்றங்கரையில், தொப்பலாக நனைந்தபடி ஒருத்தி. சாம்பல் நிறக் கண்கள்... வானத்தைவிட அவற்றில்தான் மழை அதிகம்.

"ஏன், கல்லு உங்க வீட்டுதா?"

"எங்கப்பாவோடது. பேச்சைக் கேட்டா வடக்கத்திக்காரர் மாதிரி இருக்கு... கேக்காம தொடுறதுதான் உங்க ஊர்ப் பழக்கமோ?"

"எங்க ஊர்ல கல்லுக்குக் காவல் போடுறதில்லைங்க."

அந்தப் பெண், நெரிஸ், உதட்டைக் கடித்துச் சிரிப்பை மறைத்தாள். அப்பா போனபிறகு இந்தக் கரையில் அவளுக்குச் சிரிப்பு வந்ததேயில்லை.

ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் நீலப்பாறைகளைப் பிரெசெலி மலையிலிருந்து மனிதர்கள்தான் இழுத்துப்போனார்கள் என்று காட்டக் கிளம்பியவர் அவள் அப்பா. ஊராரைச் சேர்த்துக் கயிறு கட்டி, இந்தக் கல்லை மலையிலிருந்து இங்குவரை இழுத்துவந்தார். கல்லை ஏற்ற வந்த தெப்பம் கவிழ்ந்து அவரை ஆறு கொண்டுபோனது. கல் கரையிலேயே நின்றுவிட்டது.

"இதெல்லாம் அவர் இழுத்தப்போ விழுந்த கீறல்..." கல்லின்மேல் வரிவரியாக ஓடிய கோடுகளை அவள் விரலால் வருடினாள்.

கோடுகளுக்குள் கற்பாசி இறுகிப் படர்ந்திருந்தது. அது சில வருடங்களில் வளர்ந்ததல்ல என்று யெஸ்டினுக்குத் தெரிந்தது.

"ஏன் முகம் மாறுது? கல் ஆராய்ச்சிக்குத்தானே வந்தீங்க... சொல்லுங்க."

"வேணாங்க."

"சொல்லுங்க!"

"இது பனியாறு, அந்தக் காலத்துல மலையை அரைச்சு நகர்ந்த பனிக்கட்டி, போட்ட கீறல். ரொம்பப் பழசு. ஸ்டோன்ஹெஞ்ச் கல்லுங்களையும் பனியாறுதான் கொண்டுபோச்சுன்னு நான் நினைக்கிறேன்."

"அப்போ எங்கப்பா எதுக்குச் செத்தார்?"

அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாளும் மழை. நெரிஸ் வந்தபோது அவன் கல்லருகே நின்றிருந்தான்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாமே..."

"உங்க விரல் அந்தக் கோட்டுல ஓடினப்போ சொல்லிடலாம்னுதான் நெனச்சேன். முடியல." கல்லைக் காட்டினான். "மத்த கல்லுங்களைப் பத்தி எவ்வளவு காலம் வேணாலும் சண்டை போடலாம். இந்தக் கல்லுல சண்டையே இல்ல. இதை இங்க கொண்டுவந்தது பனி இல்ல... உங்கப்பா."

அவள் உள்ளங்கையைக் கல்லில் பதித்தாள். அழுகையை மழையால் மறைக்க முடியவில்லை. நிமிராமலே கேட்டாள்.

"நீங்க ஊருக்குத் திரும்ப வேண்டிய காலை ரயிலு போயிடுச்சே... உங்களை எந்தப் பனி இங்க நிறுத்தி வச்சது?"

"நானாத்தான் நின்னேன்... உங்களுக்காக." தயங்கினான். "இப்போ கேட்டுட்டுத் தொடுறேன்... தொடலாமா?"

அவள் கல்லின்மேல் தன் கையைச் சற்றே நகர்த்தி, அவன் கைக்கு இடம் விட்டாள்.