எச்சில் தொட்ட போர்க்கப்பல்

ஏழு கடல்களும் அலையடிப்பதைச் சற்று நிறுத்திவிட்டுக் கேட்கவேண்டிய அறிவிப்பு இது: அசல் போர்க்கப்பல் பத்திரிகைப்படச் சேகரிப்போர் பேரவையின் தலைவர் தேர்தல் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடைபெறும். பேரவையின் மொத்த உறுப்பினர்கள் ஏழு பேர்.

பன்னிரண்டு வருடமாகத் தலைவராக இருப்பவருக்கு இந்த முறை போட்டி வந்துவிட்டது. பல் டாக்டர் எதிர்த்து நிற்கிறார். அவரிடம் நானூறு படங்கள்; எல்லாம் போர்க்காலத்தில் பத்திரிகைகளுக்குப் போன அசல் பிரதிகள், பின்பக்கம் தணிக்கை முத்திரையோடு. அவரிடம் இல்லாத ஒன்றைக் காட்டினால்தான் நாற்காலி தங்கும். நாற்காலி போய்விட்டால், ‘தலைவரே’ என்று கூப்பிட உலகத்தில் ஒரு ஜீவன் கிடையாது. வீட்டில் அவர் வெறும் ‘ஏங்க’.

ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பழைய வீட்டு மாடி ஏறினார். காய்ந்த பசை நாற்றம், எலி மூத்திர நாற்றம், இரண்டுக்கும் அடியில் பெயர் தெரியாத மூன்றாவது ஒன்று. வீட்டுக்காரம்மாவின் அப்பா ஒரு காலத்தில் பத்திரிகை அலுவலகத்தில் படங்களில் தெரியக்கூடாததைச் சாயம் பூசி மறைக்கும் வேலை பார்த்தவர். எழுபது தாண்டிய அந்தம்மா, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல ஒரு உறையை இரண்டு விரலால் நீட்டினார்.

“எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி. ஈரம் மட்டும் படக்கூடாதுன்னு அப்பா சொல்லிக்கிட்டே இருப்பார்.”

“இதுலயே ஊறினவன்மா நான். எனக்கா சொல்றீங்க?”

“பிரஷ்ஷை நாக்குல வச்சுத்தான் கூர் பண்ணுவார். இந்தப் படத்துக்கு அப்புறம் வாயில எண்ணெய் நாத்தம்னு கடைசிவரைக்கும் ஒழுங்கா சாப்பிடவே இல்ல.”

தலைவர் காதில் எதுவும் ஏறவில்லை. படத்தில் ஒரு போர்க்கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து புகைந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வெறுங்கடல். பின்னால் ஒட்டிய துண்டுத்தாளில் தட்டச்சு: ‘கப்பல் மூழ்கியது. மாலுமிகள் அனைவரும் பத்திரமாக மீட்கப்பட்டனர்.’

ஆனால் தண்ணீரில் பதினோரு இடத்தில் நுரை கொஞ்சம் தடிப்பாக இருந்தது. நுரையல்ல. வெள்ளைச் சாயம்.

அந்தச் சாயத்தைத் தொடக்கூடாது, அதுதான் அசலுக்கு அத்தாட்சி என்று பேரவையில் மூன்று முறை முழங்கியவர் அவர். இருந்தாலும் பல் டாக்டரின் சிரிப்பு கண்முன் வந்து நின்றது; அடியில் மறைத்தது எதுவோ, அது அவரிடம் இருக்காது.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேலை தொடங்கியது. குச்சியில் பஞ்சைச் சுற்றி, எச்சில் தொட்டு உருட்டித் துடைப்பது பழைய படங்களைச் சுத்தம் செய்கிறவர்களின் வித்தை. ஒவ்வொரு துடைப்புக்கும் புதுப்பஞ்சு வேண்டும். தலைவருக்குப் பஞ்சிலும் சிக்கனம். துடைத்ததையே திரும்ப வாயில் வைத்தார்.

முதலில் சுண்ணாம்பு ருசி. அப்புறம் உப்பு. அப்புறம் ஊசிப்போன எண்ணெய்.

சாயத்துக்கு அடியில் ஒரு தலை இருந்தது. முகமெல்லாம் கரிய பிசுக்கு. வாய் திறந்திருந்தது.

“ஆஹா,” என்றார் தலைவர். செத்தவனுக்காக அல்ல, ஞாயிற்றுக்கிழமைக்காக.

பதினோரு தலைகளும் வெளியே வந்தபோது நாக்கில் ஒரு முடி சிக்கியது. இழுத்தார். வந்தது. வந்துகொண்டே இருந்தது.

தலைவருக்கு வழுக்கை.

“ஏங்க, வாயை மூடுங்க!” மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “உள்ள என்ன செத்துக் கிடக்குது?”

ஒன்பது முறை பல் துலக்கினார். ஒன்பது முறையும் பிரஷ் கறுப்பாக வந்தது. சனிக்கிழமை உணவு வாய்க்குள் போனதும், அவர் விழுங்குமுன் வேறு யாரோ விழுங்கினார்கள்.

ஞாயிறு காலை. ஆறு பேர் முன்னால் படத்தை உயர்த்திப் பிடித்தார்.

கடல் காலியாக இருந்தது. சாயமும் இல்லை, தலைகளும் இல்லை.

“எல்லாரையும் மீட்டுட்டாங்க போல, தலைவரே,” என்று பின்பக்கத் தாளை எட்டிப் படித்து ஒருவர் சிரித்தார்.

மறுத்துப் பேச வாயைத் திறந்தார் தலைவர். மூழ்குகிறவன் தொண்டைச் சத்தம் வந்தது, ஒன்றல்ல, பல. வெள்ளைச் சட்டையில் கறுப்பாக வழிந்தது.

பல் டாக்டர் பழக்கதோஷத்தில் டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்தார். “ஆ காட்டுங்க.”

கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

உள்ளிருந்து ஏதோ கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் மெதுவாகக் கையை உருவினார். கண்ணாடி திரும்பி வரவில்லை.

“மூடுங்க,” என்றார் கிசுகிசுப்பாக. “தயவுசெஞ்சு மூடுங்க, சார்.”

யாரும் எழுந்து போகவில்லை. எழுந்தால் தலைவரைத் தாண்டித்தான் கதவு. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் தேர்தலை நடத்தினார்கள். ஏழு பேரும் பிஸ்கட் டப்பாவில் ஆளுக்கொரு சீட்டு போட்டார்கள். திறந்து எண்ணியபோது பதினெட்டு இருந்தது. பதினொன்று நனைந்து நாறின. எழுத்து எதுவுமில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெய்க் கட்டைவிரல் ரேகை.

ஈரச் சீட்டு செல்லாது என்று தீர்மானம் நிறைவேறியது. ஆறுக்கு ஒன்று என்று பல் டாக்டர் ஜெயித்தார்.