உரசாமல் ஒரு சாவு

எட்வின் யானக் கடைசியாகப் பேசியது மனைவி வாண்டாவைப் பற்றி அல்ல. கடவுளைப் பற்றியும் அல்ல.

எதிரே வந்த ஒரு வண்டியைப் பற்றி.

"தொடல வாண்டா... அவன் என்னைத் தொடவே இல்ல..."

"யாரு எட்வின்? யாரு தொடல?"

"எதுக்க வந்தான்... என் பக்கத்துக்கே வந்துட்டான். பனியில ஹெட்லைட்டு மட்டும்தான் தெரிஞ்சுது. நான்தான் ஒடிச்சுத் திருப்பினேன்..."

அவ்வளவுதான்.

கட்டிலுக்குப் பக்கத்து மெஷின் நீளமாக ஒரு விசில் அடித்தது. நர்ஸ் ஓடி வந்தாள். வாண்டா அந்தக் கையை விடவே இல்லை. டெக்சஸ் சாலைகளில் ஒரு கீறல் விழாமல் ஆயுசு முழுக்க வண்டி ஓட்டிய கை அது.

வெளியே டஸ்டின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஷெரிஃப் ஆபீஸ் டெபுடி, அதாவது ஊர்ப் போலீஸ். வாண்டாவின் தங்கை மகன்.

"பெரியம்மா... பள்ளத்துல பெரியப்பா வண்டி மட்டும்தான் கிடந்துச்சு. வேற வண்டி வந்ததுக்கு ஒரு தடயமும் இல்ல. அவரு ஓட்டும்போதே தூங்கிட்டாருன்னுதான் என்னால எழுத முடியும்."

"அவரு சர்ச்சுல ஃபாதர் பேசும்போதே தூங்கினதில்லடா. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குவாரா?"

டஸ்டின் தொப்பியை மாட்டிக்கொண்டான். அப்படியே எழுதியும்விட்டான்.

அடக்கம் முடிந்த மறுநாள் ரான்டல் மிக்குலா வந்தான். நோவக் கார்னர் ஊரின் ஒரே இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஊர் எல்லையில் பல்லைக் காட்டிக்கொண்டு பெரிய விளம்பர போர்டில் நிற்பானே, அவனேதான். முகத்தில் துக்கம் வழிந்தது. கை மட்டும் ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி பன் தட்டை விட்டு நகரவில்லை.

"எப்படி இருக்கீங்க மிஸ் வாண்டா?" அந்தப் பக்கம் மரியாதைக்குக் கல்யாணமானவளும் மிஸ்தான்.

"எப்படி இருப்பேன்? சாப்பிடு. அதுக்குத்தானே வந்திருக்கே."

"பாலிசி விஷயமாவும்தான்..." மூன்றாவது கொலாச்சியை விழுங்கினான். "நம்ம ஸ்டேட்டுல கட்டாயம் போட வேண்டியது எதிராளிக்கான இன்சூரன்ஸ் மட்டும்தான். நாம இடிச்சா அவனுக்குக் கிடைக்கும். நமக்கு ஒண்ணும் வராது."

"அதான் இன்னொண்ணும் எடுத்து வெச்சிருந்தாரே. வேணும்னா எடுக்கலாம், வேணாம்னா விடலாம்னு ஒண்ணு இருக்குல்ல? இன்சூரன்ஸ் இல்லாதவன் இடிச்சாலும், இடிச்சுட்டு ஓடிப்போனாலும் நம்ம கம்பெனியே குடுக்கும்னு நீதானே அவரு தலையில கட்டினே?"

"கட்டினேன், இல்லேங்கல. ஆனா ஓடினவன் யாருன்னே தெரியலேன்னா, அவன் வண்டி நம்ம வண்டியை உரசியிருக்கணும். ஒரு கீறலாவது வேணும். அதான் ரூல். இல்லேன்னா அவனவன் பள்ளத்துல விட்டுட்டு, பேய் வண்டி வந்துச்சும்பான்."

"அப்ப எட்வின் சாகும்போது பொய் சொல்லிட்டுச் செத்தாருங்கறே?"

"சேச்சே. தூங்கிட்டாருங்கறேன். வயசாயிடுச்சில்ல..."

வாண்டாவுக்குச் சுருக்கென்றது. பணம் போனால் போகிறது. நாளைக்கு மாட்டுத் தீவனக் கடையிலும் டோமினோ ஆடும் மேஜையிலும், 'பாவம் எட்வின், தூங்கிட்டாராம்' என்று ஊரே உச்சுக் கொட்டும். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த மனுஷனின் கடைசி வார்த்தையை நம்ப ஊரில் ஒரு ஆள் இல்லை.

"நீ சாப்பிடு. நான் கன்னுக்குட்டியைப் பாத்துட்டு வரேன்."

கொட்டகைக்குள் எட்வினின் வெள்ளை வண்டி நொறுங்கிக் கிடந்தது. மீட்பு லாரிக்காரன் சேறும் சகதியுமாக அப்படியே இழுத்து வந்து போட்டிருந்தான். கொட்டகை வாசலில் ரான்டலின் மெரூன் கலர் வண்டி நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. நோவக் கார்னரில் சாவியை எடுத்துக்கொண்டு போகிறவனை ஊரே சந்தேகமாகப் பார்க்கும்.

வாண்டா ரான்டலின் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

'உரசணுமா? இந்தா, உரசிட்டேன்.'

டமார்.

பின்னால் எடுத்து, பழைய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். எட்வின் வண்டியின் இடது கதவில் ஒரு பள்ளம். பள்ளத்தில் மெரூன் கோடு. ரான்டல் வண்டியின் முன் மூலை ஏற்கெனவே பத்து இடத்தில் நசுங்கியிருந்தது. பதினொன்றாவதை அவன் எங்கே கவனிக்கப் போகிறான்?

உள்ளே வந்தபோது ரான்டல் கேட்டான். "என்ன சத்தம் மிஸ் வாண்டா?"

"கன்னுக்குட்டி. கதவை உதைச்சுது. இன்னொண்ணு எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டான்.

அவன் கிளம்பியதும் வாண்டா நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்கே போன் போட்டு, கதவில் கீறல் இருக்கிறது என்றாள்.

அடுத்த வாரம் ஹூஸ்டனிலிருந்து நோரா டெலியோன் வந்து இறங்கினாள். கம்பெனியின் விசாரணை அதிகாரி. 'கிடையாது' என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குபவள். டஸ்டினும் கூட வந்திருந்தான்.

நோரா கதவுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். டார்ச் அடித்தாள். விரலால் தடவினாள்.

"மெரூன் பெயின்ட்டு," என்றாள் நோரா.

"ஆமா மேடம். எட்வினை எவனோ இடிச்சிருக்கான். நான்தான் சொன்னேனே, யாரு கேட்டாங்க?"

"சேத்துல நான் கவனிக்கல போல..." டஸ்டின் தலையைச் சொறிந்தான். சட்டென்று நிமிர்ந்தான். "மேடம், இந்த ஏரியாவுல இந்தக் கலர் ஒரே ஒரு வண்டிதான். படிச்ச காலேஜோட கலர்னு ஆசைப்பட்டு அடிச்சுக்கிட்டான்."

"யாரு?"

"ரான்டல் மிக்குலா. எங்க இன்சூரன்ஸ் ஏஜென்ட்."

வாண்டா கதவில் இருந்த மெரூன் கோட்டையே பார்த்தாள்.

கீறலைக் காட்டினால் செக் வரும், எட்வினின் பேர் நிற்கும், கதை முடியும் என்று நினைத்தாள் அந்த மகராசி. கீறலுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான் என்று அவள் கோபத்துக்குத் தோன்றவே இல்லை.

"டஸ்டின்... அவனுக்கு என்ன ஆகும்?"

"இடிச்சுக் கொன்னுட்டு ஓடினதுக்கா? ஜெயில்தான் பெரியம்மா. வருஷக்கணக்கா."

"நானும் வரேன்," என்றாள் வாண்டா. உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். கொலாச்சி தின்றான் என்பதற்காக ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா?

ரான்டலின் ஆபீஸ். வாசலில் நின்ற மெரூன் வண்டியை நோரா ஒரு சுற்று சுற்றினாள். முன் மூலையில் வெள்ளை பெயின்ட். பேசாமல் உள்ளே போனாள். போட்டோவை மேஜைமேல் வைத்தாள்.

"மிஸ்டர் மிக்குலா, எட்வின் யானக் வண்டியில உங்க பெயின்ட். உங்க வண்டியில அவரு பெயின்ட். என்ன சொல்றீங்க?"

ரான்டலின் முகம் வெளிறிப்போயிற்று.

"வாய்ப்பே இல்ல."

"போட்டோவுல இருக்கே."

"இருக்கவே முடியாதுங்க."

"டஸ்டின்..." வாண்டா முன்னால் வந்தாள். "நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ரான்டல் எங்க வீட்டுக்கு வந்தப்ப, நான்..."

"நான் தொடவே இல்ல!" ரான்டல் மேஜையைக் குத்தினான். "எப்படிப் பெயின்ட்டு வரும்? ரெண்டு வண்டிக்கும் நடுவுல ஒரு ஆளே நுழையற அளவு கேப் இருந்துச்சு. அவருதான் ஒடிச்சுத் திருப்பினாரு. நான் கண்ணால பாத்தேன்..."

நிறுத்தினான்.

சொன்னது அவன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது.

வாண்டா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"எங்க இருந்து பாத்தீங்க?" நோரா மெல்லக் கேட்டாள்.

ரான்டல் நாற்காலியில் சரிந்தான். "போனைப் பாத்துட்டே ஓட்டிட்டேன்... கோட்டைத் தாண்டிட்டேன். பனி வேற."

"நிக்கலாமேடா." வாண்டா மேஜையருகே வந்தாள். "ஒரே ஒரு போன் பண்ணியிருக்கலாமே. அந்தப் பள்ளத்துல எவ்வளவு நேரம் தனியா கிடந்தாரோ... நீ என் சமையல்கட்டுல உக்காந்து, வாய் நிறையத் தின்னுக்கிட்டு, அவரு தூங்கிட்டாருன்னு என்கிட்டயே சொன்னியே, பாவி."

"ஏன் ஓடினே?" என்றான் டஸ்டின். "தெரியாம நடந்ததுதானே? உன் இன்சூரன்ஸ் குடுத்திருக்குமே."

ரான்டல் ஜன்னலைப் பார்த்தான்.

நோரா கையை நீட்டினாள். "உங்க வண்டி இன்சூரன்ஸ் கார்டைக் காட்டுங்க."

ரான்டல் மேஜை டிராயரைத் திறந்து மூடினான்.

"மிஸ்டர் மிக்குலா?"

"இல்ல."

"வீட்டுல இருக்கா?"

"எங்கயும் இல்ல. நாலு மாசமாச்சு. புதுப்பிக்கல. ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்கறவனை எந்தப் போலீஸ் நிறுத்திக் கேக்கப் போறான்னு விட்டுட்டேன்."

டஸ்டின் விலங்கை எடுத்தான். எடுத்தவன் வாண்டாவைத் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சுக்கோ பெரியம்மா. ரிப்போர்ட்டை நான் மாத்தி எழுதறேன்."

"எழுது. பெரிய எழுத்துல எழுது."

நோராதான் வாண்டாவை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். கொட்டகைப் பக்கம் காரை நிறுத்தினாள்.

"ஆளு தெரிஞ்சுடுச்சு. இன்சூரன்ஸ் இல்லாதவன்னும் தெரிஞ்சுடுச்சு. இனிமே உரசினா என்ன, உரசாட்டா என்ன? கீறலே தேவையில்ல. கம்பெனி குடுத்துத்தான் ஆகணும். உங்க வீட்டுக்காரர் முழிச்சுக்கிட்டுதான் ஓட்டினார்னு நானே கையெழுத்துப் போடறேன்."

வாண்டா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. நோரா கைக்குட்டையை நீட்டினாள்.

"ஒரே ஒரு விஷயம்," என்றாள் பிறகு. "அந்தக் கதவுல சேறு அடியில இருக்கு. மெரூன் பெயின்ட்டு சேத்துக்கு மேல இருக்கு. பள்ளத்துல விழுந்து, சேறெல்லாம் காஞ்சதுக்கு அப்புறம்தான் அந்த இடி விழுந்திருக்கு."

வாண்டாவின் அழுகை டக்கென்று நின்றது.

"நான் எதையும் கேக்கல மிஸஸ் யானக். சும்மா தகவலுக்குச் சொல்றேன்... இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டறது டெக்சஸ்ல குற்றம். அடுத்தவன் வண்டியா இருந்தாலும்."

வாண்டா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கார் கதவைத் திறந்து இறங்கினாள். குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"அதெல்லாம் ரோட்டுக்குத்தானே மேடம்? மாட்டுக்கொட்டாய்க்குள்ள ஓட்டறதுக்கும் பாலிசி இருந்தா சொல்லுங்க, நாளைக்கே போட்டுடறேன். என்ன, போட்டுக் குடுக்கத்தான் இப்ப ஊர்ல ஏஜென்ட்டு இல்ல."