பெயர் சொல்லாத ஊர்

நெல்லிக்கால்பட்டில் பேருந்தைவிட்டு இறங்கியதும் சுகிர்தாவுக்கு உறைத்தது ஒரு சின்ன விஷயம்தான். அந்தத் தெருவில் யாரும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. தெருவெல்லாம் பிள்ளைகள். குழாயடியில் குடத்தைச் சாய்த்துப் பிடித்திருந்த ஒருத்தி, "ஏய், இங்க வா, உன்னத்தான்" என்றாள். மூன்று பையன்கள் திரும்பினார்கள். "நீங்க இல்ல. பச்ச டவுசரு, நீ வா" என்றாள். எதிர் வாசலில் இன்னொருத்தி தன் மகளைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் சுகிர்தா வந்தபோது இதே தெருவில் வீட்டுக்கு வீடு பெயர்கள் பறந்துகொண்டிருந்தன. இன்று அந்தச் சத்தம் மட்டும் துடைத்து எடுக்கப்பட்டிருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். அதை எழுதியவளே அவள்தான்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஊடகவியல் ஆராய்ச்சி மாணவி சுகிர்தா. ஒரு செய்தி மனிதரை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. ஆரம்பத்தில் அறிஞர்கள் செய்தியை ஒரு தோட்டா என்று நினைத்தார்கள். சுட்டால் போதும், கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி விழுவார்கள். பிறகு வந்தவர்கள், அப்படி இல்லை, செய்தி முதலில் ஊரில் மதிக்கப்படும் சிலரிடம் போய், அவர்கள் வாய் வழியாகத்தான் மற்றவர்களிடம் போகிறது என்று கண்டுபிடித்தார்கள். சுகிர்தாவுக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது ஒன்று. யாரைக் கேட்டாலும், இந்தச் செய்தி என்னை ஒன்றும் செய்யாது, ஆனால் மற்றவர்களை ஏமாற்றிவிடும் என்பார்கள். அதற்கு மூன்றாம் நபர் விளைவு என்று பெயர். தன்னைப் பற்றிய நம்பிக்கைக்கும் மற்றவர்களைப் பற்றிய சந்தேகத்துக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியை அளக்கத்தான் அவள் இந்த ஊருக்கு வந்தாள்.

அளக்க, யாரும் கேட்டிராத ஒரு செய்தி வேண்டும். ஒரு மாலை அரை மணி நேரத்தில் அவளே எழுதினாள். பட்டப்பகலில் ஈரச் சேலையோடு ஒரு பெண் வாசலில் வந்து நிற்பாள். தண்ணீர் கேட்பாள். குடித்துவிட்டு, வீட்டின் கடைசிப் பிள்ளையின் பெயரைக் கேட்பாள். பெயரைத் தெரிந்துகொண்டால் அந்தப் பிள்ளை அவளுடையது.

நாற்பத்திரண்டு வீடுகள். படிக்கத் தெரியாதவர்கள் பலர் என்பதால் எல்லா வீட்டிலும் அவளே வாசித்துக் காட்டினாள். நிறுத்தி நிதானமாக, செய்தி வாசிப்பதுபோல. கேள்விகள் முடிந்ததும், இது ஆராய்ச்சிக்காக நான் எழுதிய பொய் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அதுதான் முறை. நாற்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் தாங்கள் நம்பவில்லை என்றார்கள். முப்பத்தொன்பது பேர், இந்த ஊர் ஜனம் நம்பிடும் என்றார்கள். அட்டவணையைப் பார்த்து அவள் அன்றிரவு தூங்காமல் மகிழ்ந்தாள்.

ஆனால் யாரோ ஒருவர் அவள் வாசித்ததைக் கைபேசியில் பதிவு செய்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார். முப்பத்தெட்டு விநாடி. பொய் என்று அவள் சொன்ன கடைசி வாக்கியம் அதில் இல்லை.

நிறுத்தத்தில் ஷீபா காத்திருந்தாள். கணக்கெடுப்புக்கு வீடு வீடாக வழி காட்டியவள் அவள்தான். ஒரு பெண்ணைப் பிடித்து அடைத்துவிட்டார்கள் என்று இன்று காலை தொலைபேசியில் அழைத்ததும் அவள்தான்.

"போலீசுக்குச் சொன்னியா ஷீபா?"

"சொல்லிட்டேன்கா. பந்தோபஸ்துக்கு போயிகீறாங்களாம், அரை மணி ஆவும்ன்றாங்க. அதுக்குள்ள இன்னா ஆவுமோ. காலைலயே ரெண்டு பேரு கை வெச்சிட்டானுங்க. பால் சொசைட்டி ரூம்ல பூட்டி வெச்சிகீறாங்க."

"யாரு அந்தம்மா?"

"யாருக்குத் தெரியும். ஏரிக்கரைலேந்து ஈரத்தோட வந்துச்சாம். சுலோச்சனாக்கா வூட்டு வாசல்ல நின்னு தண்ணி கேட்டுச்சாம். குட்ச்சிட்டு, புள்ளய பாத்து பேரு இன்னான்னு கேட்டுச்சாம். அத யாரு வோணா கேப்பாங்க இல்ல?"

"யார் வேணா கேப்பாங்க. உன் பையன் எங்க?"

"சின்னவன் வூட்ல கீறான்க்கா."

சின்னவன். போனமுறை வாய்க்கு வாய் அவன் பெயரைச் சொல்லிக் கொஞ்சிக்கொண்டிருந்தவள்.

"ஷீபா, நீயும் நம்புறியா?"

"நானா? சே சே. ஊருக்காவத்தான் சின்னவன்னு சொல்லிக்கினு கீறேன்."

இருவரும் நடந்தார்கள். முந்தின நாள் மழையில் ஊறிய வைக்கோலும் சாணமும் வெயிலில் புழுங்கிய வாடை தெருவை மூடியிருந்தது. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது, ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கியது, எல்லாவற்றிலும் அதே குரல், நிறுத்தி நிதானமாக, கனிவாக, தண்ணீர் கேட்பாள் என்றது, குடித்துவிட்டு என்றது, பெயரைத் தெரிந்துகொண்டால் என்றது. சுகிர்தா தன் குரலுக்குள் நடந்து போனாள். அது இவ்வளவு அழகான குரல் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

பால் சொசைட்டி முன்னால் அறுபது, எழுபது பேர். வாசற்படியில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பாலையெல்லாம் கருவியில் ஊற்றிக் கொழுப்பு எவ்வளவு என்று சொல்பவர். அவர் சொல்லும் எண்ணை யாரும் எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பதில்லை. அதனால் அவர் சொல்லும் வேறெதையும் சரிபார்ப்பதில்லை.

"கன்னியப்பண்ணா, அந்த மெசேஜ்ல பேசறது நான்தான். அது என் குரல். நானே எழுதின பொய் அது."

அவர் கைபேசியை எடுத்து ஓடவிட்டார். கூட்டம் மறுபடி ஒருமுறை கேட்டது. "இது டிவில நியூஸ் படிக்கிற பொம்பள குரலு மேடம். நீ பேசனா இப்டியா கீது? மூக்கடச்ச மாரி கீது."

இரண்டு பேர் சிரித்தார்கள். சுலோச்சனா சிரிக்கவில்லை. இடுப்பில் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்கூட்லயும் நீதான் படிச்ச மேடம், நான் இல்லன்னு சொல்லல. பொய்னு சொன்ன, நானும் சிரிச்சேன். ரெண்டு வாரம் கய்ச்சி வாசல்ல வந்து நிக்குதே. பொய்னா அது எப்டி நடந்து வரும்?"

"குழந்தையப் பாத்தா யாரா இருந்தாலும் பேர்தான்க்கா கேப்பாங்க. உங்க வீட்டுக்கு வந்தப்ப நானும் கேட்டேன். இப்ப ஒரு பாவப்பட்ட பொம்பளைய அடிச்சு வெச்சிருக்கீங்க. செத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

கன்னியப்பன் கையைத் தூக்கி முணுமுணுப்பை அடக்கினார்.

"சரி. படிச்சவங்க சொல்றாங்க, ஒத்துக்கறேன். உனுக்கு புள்ள கீதா மேடம்?"

"ஒரு பொண்ணு. நாலு வயசு."

"அந்த ஜன்னலாண்ட போ. உள்ள கீறவ காதுல வுளுற மாரி உம் பொண்ணு பேர சொல்லு. சொல்லிட்டா, நானே கதவத் தொறந்து பஸ் ஏத்தி வுட்டுட்றேன். எங்கம்மா மேல சத்தியம்."

"அதான் கரெக்டு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

இவ்வளவுதானா என்று சுகிர்தாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு பெயர். ஒரு உயிர் தப்பிவிடும். கூட்டம் வழிவிட்டது. அவள் ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்தாள்.

உள்ளே புளித்த பால் வாடையும் ஈரத்துணி வாடையும் கலந்து கிடந்தன. வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் அலுமினிய கேன்களின் விளிம்புகள் மட்டும் தெரிந்து, பிறகு அவற்றுக்கு நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெண் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கிழிந்த உதடு. கழுத்தில் காய்ந்த ரத்தம். காலையிலிருந்து அடைத்து வைத்திருக்கிறார்கள். சேலை இன்னும் காயவில்லை. காற்றில்லாத அறை, காயாதுதான்.

இடது கை முழங்கால்மேல் இருந்தது. அதில் மூன்று விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன.



முதல் வரைவில் இன்னொரு வரி இருந்தது. தெரிந்துகொண்ட ஒவ்வொரு பெயருக்கும் அவள் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொள்வாள். அதிகமாக இருக்கிறது என்று சுகிர்தா அழித்துவிட்டாள். பத்து நிமிடம் திரையில் இருந்த வரி. யாருக்கும் அனுப்பவில்லை. வாசிக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பழைய தீக்காயமாக இருக்கும். விரல் நரம்பு சுருங்கினால் இப்படித்தான் ஆகும். எத்தனையோ பேருக்கு இருக்கிறது.

பின்னால் மதில்மேல் ஒரு பையன் இன்னொருவனைத் தள்ளினான். "டேய் ஜெகன், நவுருடா." கன்னத்தில் அறை விழும் சத்தம். ஒரு தாயின் அதட்டல். பையனின் அழுகை.

உள்ளே நான்காவது விரல் மடங்கியது.

வலியாக இருக்கலாம்.

"சொல்லு மேடம்" என்றார் கன்னியப்பன்.

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். "தண்ணி" என்றாள். "தண்ணி குடும்மா." பயந்துபோன, சாதாரணமான குரல். வெளியே நிற்கிறவர்கள் தன்னை என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரிந்த குரல். அவளைக் காப்பாற்ற ஒரு சொல் போதும். சுகிர்தாவுக்கு அது தெரியும். அவள் இதில் எதையும் நம்பவில்லை. நம்பவே இல்லை. வாயைத் திறந்தாள். இந்நேரம் மகள் பக்கத்து வீட்டில் மதியத் தூக்கத்தில் இருப்பாள், வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் வியர்வையோடு. வேறு ஏதாவது பெயரைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எந்தப் பெயரும் எங்கோ ஒரு குழந்தையின் பெயர்.

நாக்கு நகரவில்லை.

எங்கோ ஒரு மாடு கத்தியது.

சுகிர்தா வாயை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா" என்றாள் சுலோச்சனா, மிக மெதுவாக. அழுதுகொண்டே.

தாழ்ப்பாள் இழுபட்டது. "அக்கா, இன்னாக்கா, சொல்லுக்கா" என்று ஷீபா அவள் தோளை உலுக்கினாள். ஆட்கள் உள்ளே போனார்கள். ஒரு கேன் உருண்டது. இன்னொன்று. ஒரு கட்டை சுவரில் உரசியது. அந்தப் பெண் கத்தவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கால்கள் மறைத்தன. கால்கள் மட்டும். கால்களுக்கு நடுவே, தரையில், அந்தக் கை. நான்கு விரல்கள் மடங்கி. கட்டைவிரல் மட்டும் நின்றது.

சுகிர்தா கம்பியில் நெற்றியை அழுத்தினாள். பயம் வந்தால் எப்போதும் மனதுக்குள் கூப்பிடும் பெயர் ஒன்று உண்டு, மகளின் பெயர். அது எழுந்தது. உதட்டைக் கடித்தாள். சொல்லவில்லை. பல் பதிந்து ரத்தம் வந்தது. சொல்லவே இல்லை.

நினைக்கத்தான் நினைத்தாள்.

கட்டைவிரல் மெதுவாக மடங்கியது.