குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை

"ஆபீஸ்லேருந்து எல்லாரும் குழந்தையைப் பார்க்க வர்றாங்க. காய்ச்சல்னு சொல்லிக்கறேன். நீ பாட்டுக்கு அவளைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்துடாதே!"

சட்டைப் பொத்தானைப் போட்டபடியே மகன் சொன்னான். அடுப்படியில் நின்றிருந்த தாய் திரும்பினாள்.

"எத்தனை நாளைக்குடா மறைப்பே?"

"ஆபரேஷன் முடியற வரைக்கும்! எல்லாம் உன்கிட்டேருந்து வந்ததுதானே... இன்னும் என்னம்மா கேள்வி?"



பிளந்த உதட்டோடு பிறந்தவள் அந்தத் தாய். காலம் கடந்து தைத்ததில் தழும்பு மூக்குவரை இழுத்திருந்தது. பேச்சும் மூக்கால்தான் வரும். கணவன் போன பிறகு தையல் மிஷினை மிதித்தே மகனைப் படிக்க வைத்தாள். "ஸ்கூலுக்கு நீ வராதேம்மா" என்றான், போகவில்லை. மகனுடைய மேனேஜரின் மனைவி முதன்முதலில் வீட்டுக்கு வந்தபோது அவளைச் சமையல்காரி என்று நினைத்துக்கொண்டாள். மகன் மறுக்கவில்லை... அவளும் மறுக்கவில்லை.

ஆனால் வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போவாள். இப்படிப்பட்ட குழந்தையைப் பெற்று அழுதுகொண்டிருக்கும் பெண்களின் கட்டிலருகே உட்கார்ந்து, "என்னைப் பாரும்மா, நானும் இப்படித்தான் பொறந்தேன். பிள்ளையை மூடி வைக்காதே" என்பாள். மருமகளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

கூடத்தில் ஆபீஸ்காரர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளறையில் மருமகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, குரல் வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தை... யார் யார் பிள்ளைக்கோ பேசினீங்களே. என் பொண்ணுக்காகப் பேச யாருமே இல்லையா?"

பேத்தியை வாங்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

"என்ன சமையலம்மா, காய்ச்சலா இருக்கற குழந்தையைப் போய்..." என்றாள் மேனேஜரின் மனைவி.

"காய்ச்சல் இல்லீங்க. உதடு பிளந்து பொறந்திருக்கா. தைச்சா சேர்ந்துடும். ஆனா இப்ப நாம ஒளிச்சு வெச்சோம்னா, வளர்ந்த பிறகு இவளே ஒளிஞ்சுக்குவா... எனக்குத் தெரியும்ங்க. நல்லாப் பாருங்க. இந்த வீட்டுப் பொண்ணு இவ!"

மகன் வெளிறிப்போய் நின்றான். இப்போதும் தான் யார் என்று அவள் சொல்லவில்லையே! அவனுடைய பொய்யை அவளே காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அவங்க சமையல்காரம்மா இல்லை..." என்றான் மகன். "எங்கம்மா. என்னைப் பெத்தவங்க."

மேனேஜரின் மனைவி பதறி எழுந்துவிட்டாள். அவன் தாயின் காலடியில் அப்படியே உட்கார்ந்தான்.

"நான் பாவிம்மா..."

"அழாதே. முதல்ல பிள்ளையை வாங்கு. பொறந்ததிலேருந்து நீ இவ முகத்தைச் சரியாப் பார்க்கவே இல்லை."

கைநீட்டி மகளை வாங்கினான். பார்த்தான். பார்த்துக்கொண்டே தேம்பினான். தாய் குனிந்து அவன் தலையைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அத்தனை பேர் எதிரில் அழக்கூடாது என்றுதான் இருந்தாள்...

"'எங்கம்மா'ங்கற இந்த ஒரு வார்த்தைக்கு இத்தனை வருஷம் ஆச்சேடா..." என்றாள்.