வளைவில் பாய்ந்த கத்தி

2007. வாழைச்சேனை. காலை ஒன்பது மணி.

படகுப் பட்டறையில், படகு அச்சுக்கான பலகையின் நடுவே கத்தி குத்திட்டு நின்றது. சுனாமி உதவியில் வந்த கணினி வெட்டு மெசின், பலகையை நேராக அழகாய் வெட்டிவந்து, வளைவில் வெறிபிடித்துக் குறுக்கே பாய்ந்திருந்தது. இது இரண்டாம் தரம்.

"நாசவேலை," என்றார் பொறியியலாளர் ஜெயந்தன். மெசின் ஓட்டுகிற கோணாமலையைக் களஞ்சியத்துக்குள் பூட்டியாயிற்று. விசாரிக்க மத்தியானம் ஆமி ஜீப் வரும். அதில் ஏறியவன் திரும்பி வந்த கதை அந்தப் பக்கத்தில் இல்லை.

மெசினின் மென்பொருளைப் பார்க்க நகரத்திலிருந்து வந்த குவெண்டலின், ஜெயந்தனின் கழுத்துப்பட்டியைப் பார்த்தாள். இந்த வெக்கையிலா! களஞ்சியக் கதவடியில் போய் நின்றாள்.

"கத்தி பாயக்குள்ள நீ எங்க நிண்ட, கோணாமலை?"

"வாசல்ல மிஸ். உதவி தந்த வெள்ளைக்காரர் பார்க்க வந்தவங்க. ஐயா தள்ளி நிக்கச் சொன்னவர்."

"முதல் தரம்?"

"அண்டைக்கும் ஆக்கள் வந்தவங்க."

"ஆக்கள் வராட்டி?"

"தங்கமா வெட்டும் மிஸ்."

அவள் ஜெயந்தனிடம் திரும்பினாள். "வாறவங்களுக்கு என்ன காட்டுவீங்க?"

"வேகமானி. நானே எழுதினது." திரையில் வட்டம், முள், தசமப் புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம்.

"வடிவுதான். அவங்க போனாப் பிறகு?"

"நிப்பாட்டிடுவன்."

கத்தியைக் கழற்றிப் பென்சிலைப் பூட்டினாள். வேகமானி இல்லாமல் முழுப் படகும் பிசகாமல் கீறப்பட்டது. வேகமானியைப் போட்டாள். நேர்கோடு ஒழுங்காய் வந்தது. வளைவில் பென்சில் குறுக்கே பாய்ந்தது.

"கோணாமலை பூட்டுக்குள்ள இருந்து மந்திரம் போட்டானோ?" என்றாள்.

ஜெயந்தன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார்.

"மெசினுக்குள்ள ரெண்டு இழை, அதாவது ரெண்டு வேலை, மாறி மாறி ஓடுது. மெதுவான இழை வளைவுக்குத் தசமக் கணக்குப் போடுது. வேகமான இழை நொடிக்கு நொடி குறுக்க வந்து மோட்டரைத் தள்ளிட்டுப் போகுது. தசமம் போட ஒரே இடந்தான் இருக்கு; வேகமானது முழு எண்ணை மட்டும் தொட்டாச் சோலி இல்ல. நீங்க வேகமானியை அதுக்குள்ள செருகினீங்க. இப்ப அதுவும் தசமம் போடுது, மற்றது பாதியில விட்ட கணக்கை அழிச்சிட்டு, அதே இடத்தில. மெதுவானது திரும்பி வந்து உங்கட வேகத்தை வளைவெண்டு நினைச்சு வெட்டுது."

மத்தியானமாகிவிட்டது. வாசல் படலையில் ஜீப் ஹோர்ன் அடித்தது.

"சின்னப் பிழைதானே மிஸ்..." என்றார் ஜெயந்தன்.

"பிழையா? வேக இழைக்குள்ள எதைச் சேர்த்தாலும் மெசின் கேக்கும், இதில தசமம் இருக்கா எண்டு. ஓமெண்டாச் சேர்க்காது. நீங்க இல்லையெண்டு எழுதியிருக்கீங்க. அந்தப் பொய்க்கு ஒரு மனுசனை ஏத்தி அனுப்பப் பார்த்தீங்க." கையை நீட்டினாள். "களஞ்சியத் திறப்பைத் தாங்க."

சாவியைத் தந்தார்.

"இனி ஜீப்புக்காரரிட்டப் போய் உள்ளதைச் சொல்லுங்க. புள்ளிக்குப் பின்னால நாலு இலக்கத்தோட."