பெயர் அறியாத தூண்டி

நிலவுக் குடியிருப்பில் யாரோ காற்றைத் திருடிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் கணினியில் ஓர் உயிர்ப்பதிவு உண்டு. அதில் எழுதியிருக்கும் பங்கு அளவுக்குத்தான் அவரவர் அறைக்குழாயில் காற்று வரும். பதிவில் யாராவது கைவைத்தால் தூண்டி என்ற காவல்நிரல் விழித்துக்கொண்டு, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர் பெயர் எல்லாவற்றையும் குறித்துவிடும். ஆனால் பதிவுக்குள் இருக்கும் கட்டங்களில், அதாவது புலங்களில், பெயர் சொல்லிக்கொடுத்தவற்றை மட்டுமே அது கவனிக்கும். திருடன் கூடுதல் காற்றுக்கென்று புதிதாக ஒரு புலத்தைச் சேர்த்துக்கொண்டால் அதன் கண்ணுக்குத் தெரியாது.

நிரலாளர் எழிலரசி அந்த ஓட்டையை அடைத்தாள். அவளுடைய புதிய தூண்டிக்கு எந்தப் பெயரையும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதிவு மாறும்போதே அதில் என்னென்ன புலங்கள் இருக்கின்றன என்று தானே துருவி, ஒன்று விடாமல் ஒப்பிட்டுவிடும்.

"விதிவிலக்கு ஏதாவது வைக்கணுமாம்மா?" என்று கேட்டார் நிர்வாகி அய்யாதுரை.

"திருடனுக்கு என்ன சார் விதிவிலக்கு? வெளிய தள்ளுங்க."

வெளியே என்றால் கவசமில்லாமல், காற்றே இல்லாத நிலத்துக்கு. சட்டம் அதுதான்.

மறுநாள் காலையிலேயே ஒருவன் சிக்கினான். 'பதிவு: நித்திலா. புலம்: கூடுதல். மாற்றியவர்: ரூபன்.'

நித்திலா எழிலரசியின் மகள். ரூபன் அவள் கணவன். காற்றுக்குழாய்ப் பிரிவில் வேலை. குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே நுரையீரல் பலவீனம். கொஞ்ச நாளாக அவள் திணறாமல் தூங்கியதைப் பார்த்து, மருந்து பிடித்துவிட்டது என்று எழிலரசி நம்பியிருந்தாள்.

குழாய்ப் பிரிவுக்கு ஓடினாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பியா, எழில்?"

எழிலரசி திரும்பி வந்து அந்தக் குறிப்பை அழித்தாள். குறிப்பும் ஒரு பதிவுதானே. தூண்டி விழித்தது. 'அழித்தவர்: எழிலரசி.' அதையும் அழித்தாள். இன்னொன்று முளைத்தது. எல்லாம் அய்யாதுரையின் திரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அவர் கோபப்படவில்லை. "குழந்தைக்குக் கூடுதல் காத்து குடுக்கச் சட்டத்துலயே வழி இருக்கும்மா. ஒரு பங்கு காலியானா போதும். ரூபனோடது இன்னைக்குக் காலியாகுது. நீயே மாத்தி எழுதிடு."

"என் பங்கை எடுத்துக்கோங்க சார். அவரை விட்டுடுங்க."

"நீ போயிட்டா தூண்டியை யாரும்மா பாத்துக்குவா?"

வெளிக்கதவின் முன்னால் ரூபன் அவள் கையை விடாமல் நின்றான். "பாப்பா ரூம்ல வடிகட்டி அடைச்சிருக்கு. மறக்காம மாத்திடு" என்றான். கதவு மூடியது.

எழிலரசி உட்கார்ந்து நித்திலாவின் பதிவில் தட்டினாள். பழைய மதிப்பு: ஒன்று. புதிய மதிப்பு: இரண்டு. மாற்றியவர் பெயரைத் தூண்டியே எழுதிக்கொண்டது.

அவள் அறைக்குள் போனபோது நித்திலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் நிறம் ஏறியிருந்தது.

"அம்மா, இன்னைக்கு மூச்சை இழுக்கவே வேணாம். தானா வருது!"