இவருக்குப் பதில் இவர்

தன் சம்மதம் இல்லாமல் எந்த சீரியலிலும் ஒரு நடிகையைக்கூட மாற்ற முடியாது என்று கம்பவுண்டர் அடித்துச் சொல்வார். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கி ஓய்வு பெற்றபின் அவருடைய முழுநேர உத்தியோகம் சோபாவில்தான். "இந்த மூத்த மருமக அழுதா தும்மற மாதிரி இருக்கு, மாத்துங்கய்யா!" என்று டிவியைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டால் போதுமாம். மறுநாளே 'இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து ஓடி, பழைய புடவைக்குள் புது முகம் வந்து நிற்குமாம். கதையில் இருப்பவர்கள் ஒருவரும் திடுக்கிட மாட்டார்கள். புருஷன்கூட விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடருவான்.

"ஆமா மாமா, உங்களைக் கேட்டுட்டுத்தான் அவங்க பவுடரே பூசறாங்க," என்பான் மாடியில் குடியிருக்கும் மச்சினன். மழையில் நனைந்தாலும் ஈரம்தானா என்று தொட்டுப் பார்க்கிற ரகம் அவன்.

அன்று வில்லி பாலில் எதையோ கலக்கும் உச்சக்கட்டத்தில், துணி மடித்துக்கொண்டே மனைவி டிவியை மறைத்து நின்றாள்.

"நகரேன்! உன்னையும் மாத்தச் சொல்லணும் போலிருக்கு."

"சொல்லுங்களேன். வர்றவ உங்க குறட்டையைக் கேட்டுட்டு அன்னிக்கே ஓடிடுவா."

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் சமையலறைச் சத்தங்களில் ஏதோ ஒன்று பிசகியிருந்தது. கரண்டி பாத்திர விளிம்பில் தட்டும் ஓசை, குழாயை இறுக மூடும் கிறீச்சொலி, முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி எல்லாம் வழக்கம்போலவே கூடத்துக்கு வந்தன. ஆனால் வலது காலை லேசாக இழுத்து நடக்கும் அந்தச் செருப்புச் சத்தம் மட்டும், யாரோ கேட்டுப் பழகி ஒப்பிப்பதுபோல, இழுக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே இழுத்தது.

காபியோடு வந்தவளை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"யாருங்க நீங்க?"

"ஆரம்பிச்சுட்டீங்களா? ஆறிடும், குடிங்க."

மனைவியின் வார்த்தைகள். மனைவியின் சலிப்பு. உடம்பில் மனைவியின் நீலப் புடவை. முகம் மட்டும் வேறு.

சர்க்கரை கேட்டு இறங்கிவந்த மச்சினனைக் கம்பவுண்டர் பிடித்துக்கொண்டார். "டேய், இவ உன் அக்காவாடா?"

அவன் அவளைப் பார்த்தான். பார்க்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான்.

"வேற யாரு? சீரியலைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க மாமா."

சுவரில் இருந்த கல்யாண போட்டோவிலும் அந்தப் புதியவள்தான் அவர் பக்கத்தில் நாணிக்கொண்டு நின்றாள்.

அவர் தெருத் தெருவாக அலைந்தார். கதவு கதவாகத் தட்டி, "என் பொண்டாட்டிய மாத்திட்டாங்க" என்று கத்தினார். சிரித்தவர்கள் சிரித்தார்கள், சிலர் மட்டும் அவசரமாகக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். கடைசியில் டிவியின் முன்னால் மண்டியிட்டார். "விளையாட்டுக்குச் சொன்னேன், சாமி. அவளையே குடுத்துடுங்க. இனிமே யாரையும் குறை சொல்ல மாட்டேன். எப்படி அழுதாலும் பார்க்கறேன்."

திரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த மாமியாரும் மருமகளும் நிறுத்தினார்கள். காது கொடுப்பதுபோல் ஒரு கணம் தலையைச் சாய்த்தார்கள். பிறகு விளம்பரம் வந்தது.

அதற்குப்பின் சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. புதியவள் பக்கத்தில் படுத்து, மனைவி மாதிரியே தூக்கத்தில் பெருமூச்சு விட்டாள்.

ஒரு சாயங்காலம் அவர் மச்சினனின் சட்டையைப் பற்றி இழுத்துவந்து சோபாவில் தள்ளி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. "உன் கூடப் பொறந்தவடா! உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டு அலைஞ்சவ! ஒரே ஒரு தடவை, இவ யாருன்னு தெரியலைன்னு சொல்லுடா!"

மச்சினன் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

வாசல் கேட் கிறீச்சிட்டது.

செருப்பைக் கழற்றும் சத்தம். பூட்டில் சாவி. சாவி ஒன்றுதான் உண்டு. அது கம்பவுண்டரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். துழாவினார்.

இல்லை.

உள்ளே வந்த ஆளுக்கு அவருடைய கட்டம் போட்ட சட்டை. அவருடைய கண்ணாடி. பார்க்காமலே கை நீட்டி, குடையை ஆணியில் மாட்டினான்.

"வந்துட்டீங்களா? இவ்வளவு நேரமா?" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

கம்பவுண்டர் கத்தினார். தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

"வாங்க மாமா, உட்காருங்க," என்று மச்சினன் எழுந்து இடம் விட்டான். வந்தவன் கம்பவுண்டருக்கு நேராக நடந்து வந்தான். குனிந்தான். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தான்.

"இந்தக் கிழவன் நடிப்பு சகிக்கலை," என்றான் திரையைப் பார்த்து.

மச்சினன் சிரித்தான். சிரித்த வாயை மூடாமல், உதடு அசையாமல், யாரும் இல்லாத மூலையைப் பார்த்து முணுமுணுத்தான்:

"நிஜந்தான் மாமா. அக்கா மாறின அன்னிக்கே எனக்குத் தெரியும். சத்தமா சொல்றவங்களைத்தான் அடுத்து மாத்தறாங்க."